பேஸ் மால்ட்டில் மிச்சம் பிடிக்கலாமா?

"பேஸ் மால்ட்டுல காசு மிச்சம் பிடிக்கறவன் பீரே காய்ச்சக் கூடாது, தம்பி." பெங்களூர் மர்ஃபி டவுன் அண்ணன் ஒருநாள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது இது. (மால்ட் என்பது முளைக்கவிட்டு உலர்த்திய பார்லி. அதில் பீருக்கு அடிப்படையாக அதிகம் போடுவது பேஸ் மால்ட்.) வீட்டில் பீர் காய்ச்சுகிற எங்கள் கூட்டத்தில் அவர்தான் மூத்தவர். மால்ட்டை எந்தச் சூட்டில் ஊறவைப்பது, ஈஸ்ட்டை எப்போது போடுவது என்று எங்களில் பாதிப் பேருக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர். அதனால் அவர் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அதை அப்படியே ஏற்கவும் மனம் வரவில்லை. (எங்கள் கூட்டம், எங்கள் அண்ணன் என்று மட்டும் எழுதி, பெயர் எதுவும் சொல்லாமல் போவதற்குக் காரணம் உண்டு. உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவதைப் பற்றிக் கலால் சட்டம் என்ன சொல்கிறது என்று இதைப் படிக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.)

அண்ணன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு சாதாரண பீரில் போகிற தானியத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு பேஸ் மால்ட்தான். நிறத்துக்கும் மணத்துக்கும் போடுகிற கேரமல் மால்ட், வறுத்த மால்ட் எல்லாம் கைப்பிடிக் கணக்கு. சர்க்கரை வருவது பேஸ் மால்ட்டிலிருந்து. மாவுச்சத்தை அந்தச் சர்க்கரையாக உடைத்துத் தருகிற என்சைம் வருவதும் அதிலிருந்து. நுரையும் உடம்பும் அதிலிருந்து. அப்படிப்பட்ட ஒன்றில் கஞ்சத்தனம் பார்க்கலாமா என்பது அவர் வாதம். எனக்கோ அதே காரணம் எதிர்ப்பக்கமும் இழுத்தது. மூட்டை மூட்டையாகப் போவது எதுவோ அதில்தானே மிச்சம் பிடிக்க முடியும்? கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவில் நான்கு கிராம் குறைத்து என்ன ஆகப்போகிறது?

பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தேர்வு இரண்டே வழியாக வந்து நிற்கும். ஒன்று, ஜெர்மனியிலிருந்தோ பெல்ஜியத்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வருகிற மூட்டை. 1879-இல் பாம்பெர்க்கில் தொடங்கிய வையர்மன் மாதிரியான ஆலைகளின் பெயர் போட்டு வருவது. இன்னொன்று, ராஜஸ்தான், ஹரியானா, உத்தரப் பிரதேசம் பக்கம் நவம்பரில் விதைத்து மார்ச், ஏப்ரலில் அறுக்கிற பார்லியை வடக்கே உள்ள ஆலைகளில் மால்ட் ஆக்கி அனுப்புவது. இதை நாங்கள் 'நாட்டு மால்ட்' என்போம். சில்லறையில் வாங்கும்போது முதலாவது இரண்டாவதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு விலைக்குப் போகும். கப்பல் கூலி, சுங்கம், இடையில் இருக்கிறவர்களின் லாபம் எல்லாம் அதில் ஏறியிருக்கிறது. அந்த இரண்டரை மடங்கு எதற்காகக் கொடுக்கிறோம் என்பதுதான் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கிலோ கணக்கு ஏமாற்றும்

கடையில் விலையைக் கிலோவுக்குச் சொல்கிறார்கள். நாம் குடிக்கப்போவது கிலோவை இல்லை. மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரை தண்ணீரில் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. இருபது லிட்டர் பீர், தொடக்க அடர்த்தி (ஈஸ்ட் போடும் முன் அந்தச் சர்க்கரைத் தண்ணீரின் அடர்த்தி) 1.048, அதாவது ஆல்கஹால் ஐந்து சதவீதத்தை ஒட்டிய பீர் என்று வையுங்கள். எக்ஸ்ட்ராக்ட், அதாவது மால்ட்டில் கரையக்கூடிய பங்கு, 80 சதவீதம் உள்ள வெளிநாட்டு இருவரிசை மால்ட் (கதிரில் இரண்டு வரிசை மணி உள்ள பார்லியில் செய்தது), அதில் நம் வீட்டுப் பாத்திரத்தில் 70 சதவீதம் கைக்குக் கிடைக்கிறது என்றால், ஏறக்குறைய 4.65 கிலோ வேண்டும். எக்ஸ்ட்ராக்ட் 76 சதவீதமே உள்ள நாட்டு ஆறுவரிசை மால்ட் என்றால் 4.9 கிலோ. வித்தியாசம் கால் கிலோதான். கணக்குக்காக நாட்டு மால்ட் கிலோ 100 ரூபாய், வெளிநாட்டு மால்ட் 250 ரூபாய் என்று வைத்தால் ஒன்று 490 ரூபாய், இன்னொன்று 1,160 ரூபாய். அரை லிட்டர் பாட்டில் நாற்பது வரும் என்றால் பாட்டிலுக்கு 17 ரூபாய் வித்தியாசம். இந்திராநகரில் டாய்ட் பப்பில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வந்தால் இந்த 17 ரூபாய் எந்த மூலைக்கு என்று தோன்றும்.

ஆனால் அந்த 70 சதவீதம் என்கிற எண் சும்மா வருவதில்லை. அங்கேதான் நாட்டு மால்ட் காலை வாரும். பார்லிக் கதிரில் ஒவ்வொரு கணுவிலும் மூன்று பூக்கள் உண்டு. இருவரிசையில் நடுவில் இருப்பது மட்டும் மணியாகிறது. அதனால் மணி எல்லாம் ஒரே பருமன். ஆறுவரிசையில் மூன்றும் மணியாகின்றன. பக்கத்தில் இருக்கிற இரண்டும் இடம் போதாமல் நெளிந்து, ஒல்லியாக வளர்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு மணி இப்படி. மால்ட் உடைக்கிற ரோலரின் இடைவெளியை இருவரிசைக்கு வைத்த அளவிலேயே விட்டுவிட்டு இதை அரைத்தால் ஒல்லி மணிகள் முழுசாக நழுவிக் கீழே விழும். உடையாத மணியிலிருந்து சர்க்கரை வராது. 70 சதவீதம் 60 ஆகிவிடும், 4.9 கிலோ 5.7 ஆகிவிடும். பலர் நாட்டு மால்ட்டைத் திட்டுவது இந்த இடத்தில்தான். திட்ட வேண்டியது ரோலரை. இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தோ, இரண்டு தடவை ஓட்டியோ பார்த்தால் இந்தக் குறை பெரும்பாலும் போய்விடும்.

ரோலர் இல்லாதவர்கள் மிக்ஸிக்குப் போகிறார்கள். வேண்டாம். மிக்ஸி உமியையும் மாவாக்கிவிடும். அப்புறம் வடிகட்டும்போது பாத்திரமே அடைத்துக்கொள்ளும், உமியின் துவர்ப்பும் இறங்கும். மாவு மில்லும் ஒரு வழிதான். ரவை பதத்துக்குக் கல்லைத் தளர்த்திக் கொடுப்பார்கள். எங்கள் தெரு மில்காரர் "என்ன சார், கோழித் தீவனமா?" என்று கேட்டார், ஆமாம் என்றேன். அன்றைக்கு எனக்கு முன்னால் யாரோ காய்ந்த மிளகாய் அரைத்திருந்தார்கள். மூட்டையைத் திறந்தபோது மூக்கு எரிந்த விதத்தில் அந்த மால்ட் கோழிக்கும் ஆகாது என்று தெரிந்தது.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது

சில்லறையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று பிரித்துக் கட்டி விற்கிறவர் ஒருவரிடம் இது ஆறுவரிசையா, இருவரிசையா என்று கேட்டேன். "சார், மால்ட்டுன்னா மால்ட்டுதான் சார், எல்லாம் ஒரே பார்லி" என்றார். எந்த மாதத்து மால்ட் என்றேன். புதுசு என்றார். இதுதான் நம் ஊரில் விலை மலிவின் இன்னொரு முகம். நாட்டு மால்ட் என்றால் ஆறுவரிசைதான் என்று நினைப்பதும் தப்பு. கர்னாலில் இருக்கிற இந்திய கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனம் டிடபிள்யூஆர்யூபி 52 மாதிரி இருவரிசை ரகங்களை மால்ட்டுக்கென்றே கொடுத்திருக்கிறது. அந்தப் பார்லியில் செய்த மால்ட் உருண்டையாக, கைக்கு ஒரே சீராக இருக்கும். ஆக, 'நாட்டு மால்ட்' என்பது ஒரே பொருள் இல்லை. அதே மலிவு விலைக்கு நல்லதும் கிடைக்கும், கழிசடையும் கிடைக்கும். எது எது என்று சொல்லக் காகிதம் வேண்டும்.

ஒவ்வொரு தொகுதி மால்ட்டுக்கும் ஆலை ஒரு பகுப்பாய்வுத் தாள் கொடுக்கும். ஒரு முறை நாலைந்து பேர் சேர்ந்து 25 கிலோ நாட்டு மூட்டையை முழுசாக வாங்கினோம். தாளையும் கேட்டு வாங்கினோம். எங்கள் கூட்டத்தில் ஒரு சேலத்துத் தோழி உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் அந்தத் தாளை என் காக்ஸ் டவுன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொன்னது, நான் இதற்கு முன் படித்த எல்லாவற்றையும்விட உதவியாக இருந்தது. முதலில் ஈரப்பதம். நாலு, ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் மால்ட் பழசு அல்லது வைத்த இடம் சரியில்லை. புரதம். இருவரிசையில் பத்து, பதினொன்று என்று நிற்பது ஆறுவரிசையில் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு ஏறும். புரதம் கூடினால் மாவுச்சத்து குறையும். பீர் குளிர்ந்ததும் மங்கலாகும். கோல்பாக் எண். முளைக்கும்போது மணிக்குள் இருக்கிற புரதம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைச் சொல்வது. 35-க்குக் கீழே போனால் முளைப்பு பாதியில் நின்ற மால்ட் என்று அர்த்தம். கடைசியில் என்சைம் பலம். அந்த வரிக்கு வந்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அதை அப்புறம் சொல்கிறேன்.

தாள் கிடைக்காதவர்கள் பல்லை நம்பலாம். அவள் காட்டியதுதான் இதுவும். ஒரு மணியை எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முன்பல்லால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துப் பார்க்க வேண்டும். நல்ல மால்ட் முழுக்கப் பொடியாக நொறுங்கி, இரண்டாவது மெல்லலில் இனிக்கும். முளைப்பு முடியாத மால்ட்டில் ஒரு முனை மட்டும் கல்லாக நிற்கும். ஈரம் குடித்த மால்ட் நமத்துப்போன பொரி மாதிரி பல்லில் ஒட்டும். அதே சாயந்திரம் என் அலமாரியில் இருந்த வெளிநாட்டுப் பில்ஸ்னர் மால்ட்டையும் (பில்ஸ்னர் என்கிற வெளிர் நிற பீருக்கானது) கடித்துப் பார்த்தாள். விலை உயர்ந்தது, பெரிய பெயர், பிரித்துக் கட்டிய பாக்கெட். "இது நமத்திருச்சு" என்று துப்பிவிட்டாள். ஜெர்மனியில் அது பிரமாதமாகவே இருந்திருக்கும். கப்பலில், துறைமுகக் கிடங்கில், யாரோ ஒருவரின் கோணிச் சாக்கில், அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்கப் பாலிதீன் பையில் இருந்து என்னிடம் வந்தது. நான் பணம் கொடுத்தது ஆலையின் தரத்துக்கு. கையில் வந்தது வழியில் மிஞ்சிய தரம். அண்ணன் சொல்கிற தரம் என்பது மூட்டையின் மேல் அச்சடித்த பெயர் இல்லை என்று எனக்குத் தெளிந்தது அப்போதுதான்.

அவல்

என்சைம் பலத்துக்கு வருகிறேன். ஆறுவரிசை மால்ட்டில் புரதம் அதிகம் என்றால் என்சைமும் அதிகம். தனக்குள் இருக்கிற மாவுச்சத்தை உடைக்கத் தேவையானதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. "இவ்வளவு என்சைமை வெச்சுக்கிட்டு வெறும் மால்ட்டையே காய்ச்சறீங்க. அரிசி போட வேண்டியதுதானே?" என்று கேட்டாள் தோழி. உள்ளபடியே அது புதுசு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குப் போன ஜெர்மானியர்களுக்கு அங்கே கிடைத்தது ஆறுவரிசைப் பார்லி. அதை மட்டும் போட்டுக் காய்ச்சினால் பீர் கனமாகவும் மங்கலாகவும் வந்தது. சோளத்தையும் அரிசியையும் சேர்த்தார்கள். அரிசியில் புரதம் குறைவு, தனக்கென்று என்சைம் கிடையாது. மால்ட்டில் இரண்டும் மிகுதி. ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் குறையை அடைத்தது. நம் ஊரில் விற்கிற பெரிய கம்பெனி லாகர்களிலும் மால்ட்டோடு அரிசியோ வேறு மாவுச்சத்தோ போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பீர் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இதைக் கலப்படம் என்பார்கள். நானும் அப்படிச் சொன்ன ஆள்தான்.

அரிசியில் ஒரு சங்கடம் உண்டு. அதன் மாவுச்சத்து இளகுவதற்கு 70 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மால்ட்டின் என்சைம் வேலை செய்வது 65, 66 டிகிரியில். அதனால் அரிசியைத் தனியாகக் குழைய வேகவைத்துச் சேர்க்க வேண்டும். இரண்டு அடுப்பு, இரண்டு பாத்திரம், அடிப்பிடிக்காமல் கிளற ஒரு ஆள். வெளிநாட்டில் இதற்கென்று தட்டையாக்கிய அரிசி விற்கிறார்கள், அதற்கு ஒரு விலை. நம்மிடம் அவல் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது காலை டிபனுக்கு அவலக்கி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான். நெல்லை ஊறவைத்து, சூட்டில் வறுத்து, தட்டி எடுப்பது அவல். மாவுச்சத்து ஏற்கெனவே இளகிவிட்டது. தண்ணீர் பட்டாலே ஊறிவிடுகிற பொருளுக்கு எதற்குத் தனி அடுப்பு?

அல்சூர் மார்க்கெட்டில் கெட்டி அவல் ஒரு கிலோ வாங்கினேன். மெல்லிசு அவல் கூழாகிவிடும் என்று பயம். சிவப்பு அவல் நிறம் கொடுக்கும். நாலு கிலோ நாட்டு ஆறுவரிசை மால்ட், இரண்டு தடவை ரோலரில் ஓட்டியது. அதோடு அவலை அப்படியே கொட்டி 65 டிகிரியில் ஒரு மணி நேரம். அடைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆறுவரிசையில் உமி அதிகம் என்பதால் தண்ணீர் சுணங்காமல் இறங்கியது. செக் நாட்டு சாஸ் ஹாப்ஸ் கொஞ்சம், கசப்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவுக்கு. ஒரு பாக்கெட் யூஎஸ்-05 ஈஸ்ட். நொதிக்க ஃபிரிட்ஜில் 18 டிகிரி.

பாட்டிலைத் திறந்த அன்று அண்ணனும் வந்திருந்தார். ஊற்றியதும் கிளாஸ் வழியாக எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரின் தேதி படிக்க முடிந்தது. அதே மால்ட்டைத் தனியாகப் போட்டுக் காய்ச்சிய பீரில் இந்தத் தெளிவு எனக்குக் கிடைத்ததே இல்லை. நாக்கில் லேசாக, கடைசியில் வறண்டு முடிகிற பீர். மால்ட்டின் அந்த உமிச்சுவை, தனியாக இருக்கும்போது முரட்டுத்தனமாகத் தெரிவது, இதில் பின்னால் போய் பீருக்கு ஒரு பிடிமானமாக நின்றது. ஏப்ரல் வெயிலில் குடிக்க இதைவிட ஒன்று வேண்டுமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கிளாஸைக் காலி செய்தார், இன்னொன்று கேட்டார். அப்புறம் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பில்ஸ்னர் இல்ல."

இல்லைதான். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மொத்தமும் விளங்கியது. இவ்வளவு நாளும் நாட்டு மால்ட்டை வாங்கி, அது ஏன் பவேரிய மால்ட் மாதிரி இல்லை என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனின் கோபமும் அதுதான்: மலிவு மால்ட்டை வாங்கி அதில் ஹெல்லஸ் என்கிற பவேரிய வெளிர் பீரைக் காய்ச்சி, அப்புறம் ஹெல்லஸ் என்பதே ஒன்றுமில்லை என்று பேசுகிறவர்களைப் பார்த்து வந்த கோபம். மால்ட்டின் தரம் என்று தனியாக ஒன்றில்லை. எந்த பீருக்கு என்று சொன்ன பிறகுதான் அந்தக் கேள்விக்கே பொருள் வருகிறது.

இப்போது நான் வாங்குவது

ஹெல்லஸ், பில்ஸ்னர் என்றால் அண்ணன் கட்சிதான் நான். அதில் மால்ட்டின் குறையை மூட வேறொன்றும் இல்லை. தப்பு ஒளிய இடமில்லை. வெளிநாட்டுப் பில்ஸ்னர் மால்ட், அதுவும் சில்லறை பாக்கெட் இல்லை, நாலு பேர் சேர்ந்து முழு மூட்டை, தேதி பார்த்து. இதில் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. பில்ஸ்னர் மால்ட்டை லேசான சூட்டில்தான் உலர்த்துவார்கள். அதனால் அவித்த சோள வாடை தருகிற டிஎம்எஸ்ஸின் மூலப்பொருள் அதில் அதிகம் தங்கியிருக்கும். கொதிக்கும்போதுதான் அது போக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற நம் ஊரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். புத்தகத்தில் 60 நிமிடம் என்றிருந்தால் நான் மூடியைத் திறந்தே வைத்து 90 நிமிடம் விடுகிறேன். இதைச் செய்யாமல் விலை உயர்ந்த மால்ட் வாங்குவது வீண்.

போர்ட்டர், ஸ்டவுட் மாதிரி கருப்பு பீர்களில் வறுத்த மால்ட் எல்லாவற்றையும் மூடிவிடும். ஹாப்ஸ் அள்ளிப்போடுகிற ஐபிஏவிலும் அப்படித்தான். அதற்கெல்லாம் தாளோடு வருகிற நாட்டு இருவரிசை போதும். கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை (தெரிந்தது என்று சொல்வார்). அவல் பீருக்கு ஆறுவரிசை. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் ஈஸ்ட்டைப் பாருங்கள். ஒரு பீர் முடிந்ததும் அடியில் தங்குகிற ஈஸ்ட்டைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து அடுத்ததற்குப் போட்டால் ஒரு பாக்கெட் விலை அப்படியே மிச்சம்; பீரும் கெடாது. மால்ட்டை அரைக்காமல் வாங்குங்கள். முழுமணி காற்றுப் புகாத டிரம்மில் ஒரு வருஷம் தாங்கும். அரைத்தது சில வாரம்தான். டிரம்மில் வேப்பிலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டு வராது, வாஸ்தவம். ஆனால் அந்தக் கசப்பு வாசனை மால்ட்டில் ஏறுகிறது.

மாரிஸ் ஆட்டர் பற்றித்தான் இப்போது அண்ணனோடு பேச்சு ஓடுகிறது. 1960களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய ரகம், பிட்டர் என்கிற இங்கிலாந்து பீருக்கு அதன் கொட்டைப் பருப்பு வாசனை இல்லாமல் முழுமை இல்லை என்பார்கள். விலை கூடியவற்றில் அதுவும் ஒன்று. இவ்வளவு கொடுத்து வாங்குவதை ஏழு சதவீத பீர் காய்ச்சிப் பெருமையாகக் குடிக்க வேண்டும் என்கிறார் அவர். நான் நேர்மாறாகச் சொல்கிறேன். 3.8 சதவீத பிட்டருக்கு அடர்த்தி 1.038 போதும், இருபது லிட்டருக்கு 3.7 கிலோவில் காரியம் முடிந்துவிடும். ஏழு சதவீதத்துக்கு ஆறரைக் கிலோவுக்குக் குறையாமல் போகும், அதில் பாதி வாசனையை ஆல்கஹாலே மறைத்துவிடும். விலை உயர்ந்த மால்ட் போக வேண்டியது சின்ன பீருக்கு. அண்ணன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மூட்டை அடுத்த வாரம் வருகிறது, பாதி அவருக்கு, பாதி எனக்கு.